கால் வருமுன் சொக்ஸ் வந்தது

சீனி வருத்தம் எனக்கு இருபது வருடப் பழக்கம். இடது காலில் உணர்ச்சி குறைந்துகொண்டு வந்ததை நான் பெரிதாக எடுக்கவில்லை. சப்பாத்து உரசி வந்த ஒரு சின்னக் காயம் ஆறாமல் கிடந்து, கடைசியில் முழங்காலுக்குக் கீழே காலை எடுக்க வேண்டியதாகப் போய்விட்டது. அந்தக் கதையை இங்கே நீட்டவில்லை. அதற்குப் பிறகு செயற்கைக் காலில் எழும்பி நின்ற கதையைத்தான் எழுதுகிறேன். லண்டனில் எங்கள் ஆட்கள் எத்தனையோ பேருக்கு இது நடந்திருக்கிறது, ஆனால் ஒருவரும் வாய் திறப்பதில்லை.

செயற்கைக் கால் பொருத்த ரோஹாம்ப்டன் குயின் மேரிஸ் ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறோம் என்றார்கள். டூட்டிங்கில் இருந்து 493 பஸ் அந்தப் பக்கம் போகிறது. எத்தனையோ தரம் கடந்து போயிருக்கிறேன், சும்மா ஒரு ஊர் ஆஸ்பத்திரி என்றுதான் நினைத்திருந்தேன். முதல் நாள் போனால், காத்திருக்கும் இடத்தில் இருந்த பாதிப் பேருக்கு ஒரு கால் இல்லை. அதுவரை என்னைப் பார்த்தவர்கள் எல்லாம் முதலில் காலைப் பார்த்துவிட்டு, பிறகு அவசரமாக முகத்தைப் பார்ப்பார்கள். இங்கே ஒருவரும் பார்க்கவில்லை. பக்கத்தில் இருந்த கிழவர், "மேலேயா கீழேயா?" என்று மட்டும் கேட்டார். முழங்காலைத்தான் கேட்கிறார். "கீழே" என்றேன். "அதிர்ஷ்டசாலி" என்றார். கோபம் வந்தது. முழங்கால் மிஞ்சுவது எவ்வளவு பெரிய விஷயம் என்று பிறகுதான் விளங்கியது.

கால் தருவார்கள் என்று போன எனக்கு முதலில் தந்தது ஒரு சொக்ஸ். மிச்சக்காலை இறுக்கிப் பிடிக்கும் தடித்த சொக்ஸ். வெட்டிய கால் மாதக்கணக்கில் வீக்கம் வற்றி உருவம் மாறுமாம். கொஞ்சமாவது வற்றிய பிறகுதான் அளவெடுப்பார்களாம். இரவு இரண்டு மணிக்கு இல்லாத பெருவிரல் கடிக்கும், சொறிய இடமில்லை. சொக்ஸ் இறுக்கமாக இருந்தால் அதுவும் கொஞ்சம் அடங்கியது.

அந்தக் கிழமைகளில் காற்றுப் பையில் நடக்கப் பழக்கினார்கள். மிச்சக்காலைச் சுற்றி ஒரு பிளாஸ்டிக் பை, வெளியே ஒரு இரும்புச் சட்டம், பைக்குள் காற்றை அடித்தால் கால் இறுகி நிற்கும். இரண்டு கம்பிகளுக்கு நடுவே எட்டடி நடந்தேன், பெனியன் நனைந்துவிட்டது.

காத்திருந்த நேரத்தில்தான் இடத்தின் பழைய கதை தெரியவந்தது. முதலாம் உலகப் போரில் கை கால் இழந்து வந்த சிப்பாய்களைப் பார்த்து மனம் தாங்காமல் மேரி எலினர் குவின் ஹோல்ஃபோர்ட் என்ற பெண்மணி ஓடித் திரிந்து ஆரம்பித்தது இது, 1915இல், ரோஹாம்ப்டன் ஹவுஸ் என்ற பழைய மாளிகையில். அந்தப் போரில் பிரிட்டிஷ் படைகளில் மட்டும் 41,000க்கு மேற்பட்டவர்கள் அவயவம் இழந்தார்கள். கால் செய்யும் பட்டறைகளையும் அதே வளவுக்குள் கொண்டுவந்தார்கள். அப்போது மரக்கால்தான். 1913இல் விமான விபத்தில் கால் இழந்த மார்செல் டெசூட்டருக்கு அவருடைய தம்பி செய்து கொடுத்த அலுமினியக் கலவைக் கால் பிறகு பிரபலமானது. 1931இல் இரண்டு காலையும் இழந்த விமானி டக்ளஸ் பாடருக்கும் இங்கேதான் டெசூட்டர் கால்கள் பொருத்தினார்கள். அந்தக் கால்களோடு அவர் 1940இல் போர் விமானம் ஓட்டினார். அடுத்த வருடம் ஜெர்மானியரிடம் பிடிபட்டபோது ஒரு கால் தொலைந்துவிட, பிரிட்டிஷ் விமானம் புதுக்கால் ஒன்றைப் பரசூட்டில் போட்டுவிட்டுப் போனதாம்! இங்குள்ள மறுவாழ்வு நிலையத்துக்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். எனக்கு விமானம் வேண்டாம், மாடியில் இருக்கும் என் கட்டிலுக்கு ஏறினால் போதும்.

அளவெடுத்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. கால் செய்யும் பெண்பிள்ளைக்கு என் மகள் வயதுதான் இருக்கும். சமையலறையில் சாப்பாட்டை மூடும் மெல்லிய பிளாஸ்டிக் தாளைப் போலொன்றை மிச்சக்காலில் சுற்றினாள். விரலால் எலும்பைத் தடவித் தேடி, தட்டுப்பட்ட இடமெல்லாம் ஊதாப் பென்சிலால் வட்டம் போட்டாள். பிறகு ஈரமான சாந்துத் துணி. இறுகும்வரை முழங்கால் சில்லுக்குக் கீழே இரண்டு பெருவிரலாலும் அமத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள். உடம்புப் பாரத்தில் பெரும் பங்கை அந்த இடம்தான் தாங்குமாம், வெட்டிய நுனி இல்லை. கழட்டிக் காட்டியபோது சாந்தின் உட்புறத்தில் ஊதா வட்டங்கள் அப்படியே பதிந்திருந்தன.

கால் வந்தது. அதோடு ஒரு பை நிறையச் சொக்ஸும் வந்தது. மெல்லியது, தடித்தது என்று பல தினுசு. மிச்சக்காலை உள்ளே விடும் செயற்கைக் காலின் மேல்கூடுதான் சொக்கெட். காலையில் இறுக்கமாக இருக்கும் அது மத்தியானம் தளரும், அப்போது உட்கார்ந்து காலைக் கழட்டி இன்னொரு சொக்ஸ் போட வேண்டும். இதை மூன்று தரம் சொல்லித்தான் அனுப்பினார்கள். நான் கேட்டால்தானே! ஒரு கலியாண வீட்டில், ஆட்களுக்கு முன்னால் எப்படிக் கழட்டுவது என்று வெட்கப்பட்டுப் பின்னேரம் வரை அப்படியே நின்றேன். வீட்டுக்கு வந்து கழட்டினால் ஒரு சதக் குற்றி அளவில் தோல் உரிந்திருந்தது. நோவே தெரியவில்லை, அதுதான் சீனி வருத்தத்தின் வேலை. இரண்டு கிழமை கால் போடத் தடை, திரும்பவும் சக்கரக் கதிரை. மனுசி ஒரு வார்த்தை பேசவில்லை. சின்னக் கண்ணாடி ஒன்றை வாங்கிவந்து கட்டிலடியில் வைத்தாள், மிச்சக்காலின் அடியைக் காலையும் இரவும் பார்ப்பதற்கு.

இப்போது எங்கே போனாலும் அவளுடைய கைப்பையில் இரண்டு சொக்ஸ் இருக்கும். "இஞ்சாருங்கோ, போட்டாச்சோ?" என்று எல்லாருக்கும் கேட்கக் கேட்பாள். நானும் கதிரை இருக்கிற இடத்தில் இருந்து, களிசானைச் சுருட்டி, கழட்டிப் போடுகிறேன். சின்னப்பிள்ளைகள்தான் கிட்ட வந்து தட்டிப் பார்க்கிறார்கள்.

மாடிக்கு ஏறிவிட்டேன், நல்ல கால் முன்னுக்கு. இறங்கும்போது செயற்கைக் கால் முன்னுக்கு. போன கிழமையில் இருந்து எத்தனை சொக்ஸ் போட்டாலும் சொக்கெட் ஆடுகிறது. மிச்சக்கால் நன்றாக வற்றிவிட்டதாம். புதிய சொக்கெட்டுக்கு அளவெடுக்க வரும் செவ்வாய் வரச் சொல்லியிருக்கிறார்கள்.