மாதம்மாள் நாவல்: திருத்தக் குறிப்புகள்

ஜூன் 4
விபத்து அத்தியாயம். தொப்பூர் கணவாயில் தருமபுரியிலிருந்து சேலம் போகும் பக்கம்தான் இறக்கம். வரைவில் லாரி ஏறும்போது பிரேக் போகிறது; இந்த ஊர் டிரைவர் யாரும் அதற்குமேல் நம்பமாட்டார். டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறக்கினால் எஞ்சின் வண்டியைப் பிடிக்காது, பாரம் முழுக்க பிரேக்கில் விழும். டிரம் சூடேறி லைனிங் கருகும், அப்புறம் மிதித்தாலும் நிற்காது. லாரி ஓட்டிய கணவர் சாக, கேபினில் உட்கார்ந்திருந்து பிழைத்த மாதம்மாளிடம் அந்தக் கருகல் வாடைதான் தங்க வேண்டும்.

ஜூன் 9
விபத்தை முதலிலேயே முழுசாகச் சொல்லிவிடக் கூடாது. அதிர்ச்சி நினைவு வரிசையாக வராது; துண்டு துண்டாக, இப்போது நடப்பதுபோல வரும். அந்த இடங்களில் ‘அன்று’, ‘அப்போது’ எல்லாம் வெட்டு. வினை நிகழ்காலத்தில். மூன்று நான்கு வரி போதும், ஒரு பக்கம் ஓடினால் சினிமாத்தனம்.

ஜூன் 15
காரியம் முடிந்த மறுவாரமே மருத்துவர் ‘நீடித்த துக்கக் கோளாறு’ என்கிறார். சொல்லமாட்டார். உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடான ஐசிடி-11 இழப்புக்குப் பின் குறைந்தது 6 மாதம் கேட்கிறது; அமெரிக்க வகைப்பாட்டின் 2022 திருத்தத்தில் பெரியவர்களுக்கு 12 மாதம். கெட்ட கனவு, திடுக்கிடல், ரோட்டுப் பக்கமே போகாதது எல்லாம் பிடிஎஸ்டி (அதிர்ச்சிக்குப் பிந்தைய மனஉளைச்சல் கோளாறு) கணக்கு; அதற்கும் ஒரு மாதம் தாண்ட வேண்டும். இரண்டும் ஒருத்திக்கே வரலாம். துக்கம் அவரைத் தேட வைக்கும், அதிர்ச்சி அவர் சாமானைக் கண்டாலே ஓட வைக்கும். அவர் சட்டையைத் தலைக்கு வைத்துப் படுப்பவள் லாரிச் சாவியைப் பரணில் எறியட்டும். அழுகையைப் பாதியாகக் குறைக்கலாம்.

ஜூன் 22
நடுப்பகுதி தொய்கிறது. காகிதங்களை உள்ளே விடலாம்: எஃப்ஐஆர் நகல், பிரேதப் பரிசோதனை அறிக்கை, இறப்புச் சான்று, தாலுகா ஆபீசில் வாரிசுச் சான்று, இழப்பீட்டு வழக்கு. ஒவ்வொரு மேசையிலும் ‘எப்படிம்மா ஆச்சு?’ சொல்லச் சொல்லக் கதை மாறும். நியூட்ரலில் இறக்கியதை மட்டும் எங்கேயும் சொல்லமாட்டாள். இழப்பீடு போய்விடுமோ என்ற பயம் பாதி, தடுக்காமல் இருந்துவிட்டோமே என்பது பாதி. இதற்குத் தனியாக வசனம் வேண்டாம்.

ஜூன் 30
பிழைப்பு கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலையில். பெங்களூரா மாம்பழ வரத்து நின்றால் வேலையும் நிற்கும்; கை சும்மா இருக்கும் அந்த மாதங்களில்தான் அவள் நிலை மோசமாக வேண்டும். ஆலை வாசலில் லாரிகள் நிற்பதால் பிரேக் வாடை அங்கே வரலாம். ஒரே ஒரு தடவை.

ஜூலை 6
கடைசியில் ஒரே பஸ் பயணத்தில் கணவாயைக் கடந்து குணமாகிவிடுகிறாள். ரொம்பச் சல்லிசு. சிகிச்சையில் படிப்படியாகத்தான்: நிற்கும் லாரி அருகே, பிறகு டவுன் பஸ், பிறகு பாளையம் சுங்கச்சாவடி வரை. பதற்றம் தணியும்வரை அங்கேயே இருக்க வேண்டும். நடுவில் இறங்கி ஓடினால் பயம் கூடும். ஒருமுறை அவளை அப்படி இறங்கி ஓட விடலாம். அதற்கு இன்னும் இரண்டு அத்தியாயம் வேண்டும். கணவாய் அதற்குள் வராது.