மிசெரேரே ஒலித்த மாடத்தின் கீழே

தவக்காலத்தில் நேர்ந்துகொண்டு ரோமுக்குப் போகிறவர்கள் பலர், சிஸ்டைன் சிற்றாலயத்தில் அண்ணாந்து கூரையைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். மனசு கேட்கவில்லை. 'மிசெரேரே மேயி தேயுஸ்', அதாவது 'கடவுளே, எனக்கு இரங்கும்' என்று தலைமுறை தலைமுறையாகப் பாடி மன்றாடிய இடம் அது.

வத்திக்கான் அருங்காட்சியகம் வழியாகத்தான் உள்ளே போக முடியும். சீட்டை அவர்கள் தளத்திலேயே முன்கூட்டி எடுத்துவிடுங்கள். மதிலோரம் கழுத்தில் அட்டை தொங்க, 'வரிசையே இல்லை' என்று மறிக்கும் தரகர்களிடம் நின்று பேசாதீர்கள்; செபிக்க வந்தவர்களையும் விடாமல் காசு பிடுங்குவது பெரிய கொடுமை. மாதக் கடைசி ஞாயிறு இலவசம்தான், ஆனால் நெரிசலில் ஒரு அருள்நிறை மரியேகூடச் சொல்ல முடியாது. தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். உள்ளே பேசக்கூடாது, படமெடுக்கக்கூடாது. கைப்பேசியைத் தூக்கினாலே காவலர் வந்துவிடுவார். அதனால் 'மிசெரேரே' என்று தொடங்கும் தாவீதின் பாடலான திருப்பாடல் 51-ஐ மனப்பாடம் செய்துகொண்டு போங்கள். பழைய லத்தீன் நூல்களில் அதே பாடல் 50 என்றிருக்கும், குழம்ப வேண்டாம்.

பீடத்தைப் பார்த்து நின்றால் வலப்பக்கச் சுவரில் பாடகர் மாடம். திருத்தந்தை எட்டாம் உர்பான் காலத்தில் கிரெகோரியோ அல்லெக்ரி இசையமைத்த மிசெரேரே இந்தச் சிற்றாலயத்துக்கானது. ஒரு குழுவில் ஐந்து குரல், மற்றதில் நான்கு. இடையிடையே எளிய ஓதல். கடைசி வசனத்தில்தான் ஒன்பது குரலும் சேரும். அந்தக் காலத்தில் புனித வாரத்து இருள் வழிபாட்டில் முக்கோணத் தண்டில் 15 மெழுகுதிரிகள் எரியும். ஒவ்வொரு திருப்பாடல் முடிய ஒன்றாக அணைத்து, கடைசித் திரியை மட்டும் அணைக்காமல் பீடத்தின் பின்னே மறைப்பார்கள். அந்த இருட்டில் திருத்தந்தையும் முழந்தாளிட்டிருக்க, இந்தப் பாடல் எழும்.

1770-இல் 14 வயது இசைமேதை மோட்சார்ட் இதைக் கேட்டு நினைவிலிருந்தே எழுதினார். மறு ஆண்டே லண்டனில் அச்சானது. ஆனால் பாடகர்கள் வாய்வழியாகக் காத்த அலங்காரங்கள் அந்த அச்சில் இல்லை. இன்று ஒலிப்பதிவுகளில் உச்சிக்கு ஏறும் அந்தச் சுரமும் அல்லெக்ரி எழுதியதன்று. 19-ஆம் நூற்றாண்டில் ஏட்டில் புகுந்த பிழை. அந்தப் பிழையிலும் எத்தனை பேர் உருகிவிட்டார்கள்!

சுவரோரப் பலகையில் இடம் கிடைத்தால் விடாதீர்கள். பாடலை மனதுக்குள் மெல்லச் சொல்லிக்கொண்டே பீடத்தின் பின்சுவரில் உள்ள இறுதித் தீர்ப்பு ஓவியத்தின் இடப்பக்கத்தைப் பாருங்கள். மேகத்தின்மேல் ஒரு வானதூதர் குனிந்து, செபமாலை ஒன்றைக் கயிறாக விட்டு இரண்டு ஆன்மாக்களைத் தூக்குகிறார். அவர்கள் மணிகளைப் பற்றியிருக்கிற பிடியைப் பாருங்கள். 'நொறுங்கிய குற்றமுணர்ந்த உள்ளத்தை நீர் அவமதிப்பதில்லை' என்ற வரி வரும்போது அந்த மணிகளை விட்டுக் கண் நகராது. கூட்டமும் காவலரின் அதட்டலும் எங்கோ போய்விடும்.

ஆண்டவரே, உமக்கு நன்றி! தாவீதின் கண்ணீரை ரோமின் மாடத்தில் ஏற்றினீர். அதையே எங்கள் துறவற இல்லங்களில் வெள்ளிதோறும் காலைப் புகழில் தமிழிலும் சொல்ல வைத்தீரே.