குமரிக் கடலில் ஹைட்ரோபோன்: தடைக்காலமும் கடிகாரமும்

கன்னியாகுமரி மாவட்டத்தில் மீன்பிடித் தடைக்காலம் இரண்டு. சின்னமுட்டத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை; முட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. கடலுக்கடியில் ஹைட்ரோபோன் (நீருக்குள் ஒலி வாங்கும் மைக்) இறக்கி, திமிங்கலம், ஓங்கில் (டால்பின்) போன்றவற்றின் குரலைப் பதிவு செய்பவர்களுக்கு இது பெரிய வசதி. மே மாதத்தில் கிழக்கே விசைப்படகுகள் நிற்கும், மேற்கே ஓடும்; ஜூலையில் மாறிவிடும். இரு பக்கமும் ஹைட்ரோபோன் இருந்தால் படகு இரைச்சலின் பங்கைப் பிரித்துவிடலாம். தமிழ்நாட்டுக் கடலில் 500 மெகாவாட் காற்றாலைக்கான நிதியுதவிக்கு மத்திய அமைச்சரவை 2024-இல் ஒப்புதல் தந்தது. காற்றாலைத் தூண்கள் கடலில் இறங்கிய பிறகு, அதற்கு முந்தைய கடலின் பதிவை எங்கே போய்த் தேடுவது? மேற்குக் கருவியை மே மாதத்திலேயே இறக்கிவிட வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்று ஏறிவிட்டால் படகோரத்தில் நின்று எடை இறக்க முடியாது.

நீலத் திமிங்கலத்தின் குரலும், தூண் அடிக்கும் சத்தத்தின் பெரும்பகுதியும் 1 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே. ஓங்கிலுக்கு உறவான, முதுகுத் துடுப்பில்லாத கடற்பன்றியின் கிளிக்கோ (சொடுக்குப் போன்ற குறு ஒலி) 120 கிலோஹெர்ட்ஸையும் தாண்டும். அதற்காக 384 கிலோஹெர்ட்ஸில் (நொடிக்கு 3,84,000 மாதிரிகள்), 16 பிட்டில் பதிந்தால் நாளைக்கு 66 ஜிபி. மணிக்குப் பத்து நிமிடம் என்றால் 11 ஜிபிதான், ஆனால் இடையில் கடந்துபோகும் கூட்டம் தவறிவிடும். 48 கிலோஹெர்ட்ஸில் இடைவிடாமல் ஒன்று, அதிவேகத்தில் விட்டுவிட்டு ஒன்று என இரண்டு வைப்பதே நல்லது.

பதிவு கெடுவது பெரும்பாலும் கருவியைக் கட்டி நிறுத்தும் கயிற்றால். நீரோட்டம் வலுத்தால் இழுத்துக் கட்டிய கயிறு தம்பூரா நரம்பு மாதிரி அதிரும். அந்தச் சத்தம் திமிங்கலக் குரல் இருக்கும் அதே தாழ்ந்த அதிர்வெண்ணில் போய் விழும். கயிறு நெடுக நூல் குஞ்சம் கட்டினால் குறையும். சங்கிலியும் ஷேக்கிளும் (இணைப்பு வளையம்) உரசும் இடத்தில் ரப்பர் சுற்றுங்கள். மிதவை நீர்மட்டத்துக்குக் கீழே நிற்க வேண்டும். மேலே மிதந்தால் ஒவ்வொரு அலையும் ஹைட்ரோபோனை ஆட்டும். கண்ணில் படாத மிதவையை இழுவலை வாரிக்கொண்டு போய்விடும் என்பதால், இடத்தை மீனவர்களிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும். பாறை எங்கே, இழுவை எங்கே ஓடும் என்பதை அவர்கள் அளவுக்கு எந்த வரைபடமும் சொல்லாது.

பாறைப் பகுதியில் சொடுக்கு இறால்கள் இரவும் பகலும் பொரிந்துகொண்டே இருக்கும். மென்பொருள் அதையும் ஓங்கில் என்று எண்ணிவிடும். ஓங்கிலின் கிளிக்குகள் தொடராக, இடைவெளி ஒரு சீரில் வரும்; இறாலுக்கு அந்த ஒழுங்கு கிடையாது. ஒருவர் உட்கார்ந்து பார்த்தே தீர வேண்டும்.

பல நிறுவனங்கள் சேரும்போது கடிகாரம்தான் முதல் சிக்கல். நீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் போகும்; ஒலி ஒவ்வொரு கருவிக்கும் வந்த நேரத்தை வைத்தே இடத்தைக் கணிப்பதால், ஒரு நொடி பிசகினாலே விலங்கு நின்ற இடம் தாறுமாறாகிவிடும். இறக்கும் முன்னும் எடுத்த பின்னும் ஜிபிஎஸ் நேரத்தோடு ஒப்பிட்டு விலகலைக் குறித்து வையுங்கள். கோப்புப் பெயரில் ஒருவர் இந்திய நேரமும் இன்னொருவர் உலகப் பொது நேரமும் போட்டால் ஐந்தரை மணி நேரம் தள்ளிப்போகும். ஹைட்ரோபோனின் உணர்திறன் அளவு கோப்போடு சேர்ந்து வராவிட்டால் இருவரின் டெசிபலை ஒப்பிட வழியே இல்லை. அறிக்கை மட்டும் போதாது. மூலக் கோப்புகளையும் பகிர வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். புதிய மென்பொருள் வரும்போது பழைய பதிவை மறுபடி அலச வேண்டியிருக்கும்.