டாக்டர் பால் பிராண்ட்: மரத்த கையும் காலும்

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் படித்தவர் எந்த நாட்டில் வேலை பார்த்தாலும், மரத்துப்போன கால் ஒன்று முன்னால் நீண்டால் அவருடைய புறங்கை தானாக உள்ளங்காலுக்குப் போகும். ஓரிடம் மட்டும் சுற்றிலும் உள்ளதைவிடச் சூடாக இருக்கிறதா என்று தேடும். இருந்தால் தோல் இன்னும் உடையவில்லை, ஆனால் உள்ளே சதை நசுங்கிக்கொண்டிருக்கிறது. அன்றே நடையைக் குறைத்தால் புண் வராமல் போகலாம். இந்தப் பழக்கம், தொழுநோயாளிகளின் கைகால்களைத் திருத்திய அறுவை மருத்துவர் டாக்டர் பால் பிராண்ட் வேலூர்க்காரர்களான நமக்குள் விட்டுப்போனது.

1914-இல் கொல்லிமலையில் பிறந்தவர். மருத்துவம் படிக்கும் முன்பே தச்சு, கொத்து வேலைகளை முறையாகக் கற்றவர். 1946-இல் வேலூர் வந்தார். அடுத்த ஆண்டு தொழுநோய் நிபுணர் டாக்டர் காக்ரேனைப் பார்க்கச் செங்கல்பட்டு தொழுநோய் நிலையத்துக்குப் போனபோது, விரல்கள் மடங்கிய ஒருவரின் கைக்குள் தன் கையைக் கொடுத்து, முடிந்தமட்டும் இறுக்கச் சொன்னார். நகம் பதியும் அளவுக்குப் பிடி விழுந்தது. செத்த கை என்று எல்லோரும் சொன்ன கையில் அத்தனை பலம்!

காரணம் எளிது. தொழுநோய் நரம்பைத் தாக்குவது தோலுக்கு அருகே, உடல் சற்றுக் குளிர்ந்த இடங்களில்: கைக்கு வரும் மூன்று பெரிய நரம்புகளில் அல்நார் நரம்பை முழங்கைக்கு மேலே, மீடியன் நரம்பை மணிக்கட்டில். உள்ளங்கையின் சிறு தசைகள் செயலிழந்து விரல்கள் மடங்கிக்கொள்ளும். முன்கைத் தசைகள் பெரும்பாலும் தப்பிவிடும். மூன்றாவதான ரேடியல் நரம்பு அரிதாகவே பாதிக்கப்படுவதால், மணிக்கட்டை நிமிர்த்தும் மூன்று தசைகளில் ஒன்றைக் கடன் வாங்கலாம்.

அப்படிக் கடன் வாங்கிய தசையால் விரல்களை இயக்கும் அறுவைதான் நான்கு வால் மாற்று. கெண்டைக்காலிலிருந்து பிளாண்டாரிஸ் என்ற மெல்லிய தசைநாணை உருவி எடுத்து, அந்தத் தசையோடு இணைத்து, நான்கு வால்களாக ஒவ்வொரு விரலுக்கும் கொண்டுபோவது. (சிலருக்குப் பிளாண்டாரிஸ் பிறவியிலேயே இருக்காது, தொடைத் தசையைப் போர்த்தும் உறையான ஃபேசியா லேட்டாதான் கை கொடுக்கும்.) புறங்கை வழியாகப் போகும்போது வால், உள்ளங்கை எலும்புகளைப் பிணைக்கும் குறுக்குத் தசைநாருக்கு உள்ளங்கைப் பக்கமாக நுழைய வேண்டும். புறங்கைப் பக்கமே நின்றுவிட்டால் அது விரலின் அடிமூட்டை மடக்காது, இன்னும் பின்னுக்கு இழுக்கும். இறுக்கம் கூடினால் நடுமூட்டு பின்புறம் வளைந்து அன்னக் கழுத்தாகும். குறைந்தால் பழைய மடக்கமே திரும்பும். மணிக்கட்டை நிமிர்த்தி, அடிமூட்டை ஏறக்குறைய 70 டிகிரி மடக்கி, மற்ற மூட்டுகளை நேராக வைத்து 3 வாரம் மாவுக்கட்டு. பிற்பாடு வழியை மாற்றி, மணிக்கட்டின் உள்ளங்கைப் பக்கமுள்ள கார்ப்பல் டனல் என்ற குகைப்பாதை ஊடாகவும் செய்தார்.

விறைத்த மூட்டை எந்தத் தசைநாணும் அசைக்காது. அதனால் மெழுகு ஒத்தடம், எண்ணெய் உருவல், வாரத்துக்கு வாரம் மாற்றும், விரலைச் சுற்றிய உருளை மாவுக்கட்டு எல்லாம் முடிந்து விரல் நீண்ட பிறகே கத்தி. பிசியோதெரபி அறையில் பாதி வெற்றி முடிவாகிவிடும். அறுவை செய்பவர்கள் இதை ஒப்புக்கொள்ளத் தயங்குவது வேறு கதை.

ஆனால் கை திருந்தினாலும் உணர்ச்சி திரும்பாது. டீ டம்ளரும் சட்டிப் பிடியும் சுடுவது தெரியாது. விரல் அழுகி உதிர்வதில்லை, வலி தெரியாததால் தேய்ந்து போகிறது என்பதைக் காயம் காயமாகத் தேடிக் காட்டியவர் அவர். இரவோடு இரவாக விரல்கள் குறைந்ததற்கு, தூங்கும்போது கடித்த எலி காரணம் என்று தெரிந்தது. வீட்டுக்குப் போகும் நோயாளிகளோடு பூனையும் போனது. நோயாளிகளுக்குத் தொழில் கற்றுத்தந்த நவஜீவ நிலையத்தில் தச்சுப் பழகியவர்களின் கருவிப் பிடிகள் மழமழவென்று இழைக்கப்பட்டன.

காலுக்கு எம்.சி.ஆர். எனும் நுண்துளை ரப்பர் செருப்பு. மிருது, ரப்பரின் கடினத்தை அளக்கும் ஷோர் அளவில் சுமார் 15; விரலால் அழுத்தினால் அமுங்க வேண்டும், எடையில் தட்டையாகிவிடக் கூடாது. அடியில் கெட்டி ரப்பர், பின்னால் வார், ஆணியே கூடாது. புதுச் செருப்பை முதல் நாள் சிறிது நேரம் மட்டும் போட்டு, கழற்றிச் சிவப்பைப் பார்க்க வேண்டும். உள்ளங்கால் புண்ணுக்குக் களிம்பைவிட, காலோடு ஒட்டி அச்செடுத்தாற்போல் போட்ட, நடக்கக்கூடிய மாவுக்கட்டே மருந்து. பஞ்சை அதிகம் திணித்தால் அது அமுங்கி, கட்டுக்குள் கால் ஆடி, புதுப் புண் வரும். வீக்கம் வடிந்து கட்டு தளர்ந்தாலும் அதே கதி. முதல் கட்டைச் சீக்கிரமே மாற்ற வேண்டும்.

1966-இல் அமெரிக்காவில் லூசியானாவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். அங்கிருந்து இந்தக் கட்டு சர்க்கரை நோயாளிகளின் காலுக்கும் பரவியது. 2003 ஜூலை 8 அன்று சியாட்டிலில் காலமானார். இன்று அமெரிக்காவிலோ இங்கிலாந்திலோ கால் மருத்துவப் பிரிவில் நம்மவர் ஒருவர் பஞ்சைக் குறைத்து மாவுத்துணியைக் குதிகாலில் வழித்துவிடும்போது, அந்தக் கட்டு வேலூரிலும் அதன் அருகே கரிகிரி தொழுநோய் மையத்திலும் நோயாளிகளின் கால்களில் பழகிய கட்டு என்பது கூட நிற்கும் நர்ஸுக்குத் தெரிந்திருக்காது.