காயலான் கடையிலிருந்து வந்த ஆறு இன்ஜெக்டர்கள்

பழைய பெட்ரோல் வண்டிக்கு இன்ஜெக்டர் (இன்ஜினுக்குப் பெட்ரோல் தெளிக்கும் மின்வால்வு) மாற்றப் போகிறேன் என்று சொன்னாலே பாதிப் பேர் கேட்கிற முதல் கேள்வி, எவ்வளவு பெரியது போடப் போகிறாய் என்பதுதான். பெரிய வண்டியிலிருந்து பெரிய இன்ஜெக்டராகக் கழற்றி மாட்டினால் வண்டி பறக்கும் என்று ஒரு நம்பிக்கை. பறக்காது. இன்ஜின் எவ்வளவு காற்றை இழுக்கிறதோ அதற்குத் தகுந்த பெட்ரோல்தான் எரியும், அதற்கு மேல் ஊற்றினால் பிளக் கரி பிடிக்கும், மைலேஜ் இறங்கும், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் சூடேறிச் சாகும், அவ்வளவுதான். நான் காயலான் கடையில் தேடியது அதே அளவு பெட்ரோலை இன்னும் பொடியாகத் தெளிக்கிற இன்ஜெக்டர். இந்த வேலையில் கிடைக்கிற லாபமும் அது ஒன்றுதான்.

என் வண்டி 1990களின் முன்பாதியில் வந்த ஜீப் செரோக்கி. 4.0 லிட்டர், வரிசையாக ஆறு சிலிண்டர், கம்பெனிக் கணக்குப்படி 190 குதிரைத்திறன். அதில் இருந்தது பின்டில் வகை இன்ஜெக்டர்: நடுவில் ஒரு ஊசி மேலே எழும்பும், அதைச் சுற்றியுள்ள இடுக்கு வழியாகப் பெட்ரோல் கூம்பு வடிவில் வெளியே வரும். புதிதில் நன்றாகத்தான் இருக்கும். வருடக்கணக்கில் அந்த இடுக்கில் பிசின் படிந்து ஒரு பக்கம் அடைத்துக்கொண்டால், கூம்பு கோணலாகி, கடைசியில் தெளிப்பதற்குப் பதில் பீய்ச்ச ஆரம்பிக்கும். பின்னாளில் வந்த வகைகளில் ஊசி முனைக்குப் பதிலாக நுண்ணிய துளைகள் போட்ட ஒரு மெல்லிய தகடு இருக்கும், பெரும்பாலும் நான்கு துளை. துளி சிறிதாகும், அதனால் சீக்கிரம் ஆவியாகும். முக்கியமாகக் குளிர்ந்த இன்ஜினில் இந்த வித்தியாசம் தெரியும்.

இனி அளவு. ஒரு குதிரைத்திறனுக்கு நிமிடத்துக்குச் சுமார் 5.25 சிசி பெட்ரோல் என்று வைத்துக்கொள்வது வழக்கம். 190-க்கு ஏறத்தாழ 1,000 சிசி வருகிறது. ஆறால் வகுத்தால் ஒரு இன்ஜெக்டருக்கு 166. ஆனால் இன்ஜெக்டரை முழு நேரமும் திறந்தே வைத்திருக்க முடியாது, அதிகபட்சம் 80 சதவீத நேரம்தான் திறந்திருக்க வேண்டும் என்பது கணக்கு, ஆக 0.8-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 208 சிசி. எனக்குத் தேவை அந்தப் பக்கத்தில் ஒன்று. அதை விட்டு 300 சிசி, 400 சிசி என்று போவதில் அர்த்தமே இல்லை. டர்போ போடப் போகிறவர்கள் கதை வேறு, அவர்களுக்கு இன்ஜினை ஆளும் கணினியான இசியூவைத் திருத்தி எழுதும் வசதியும் இருக்கும்.

இங்கேதான் பலர் கவனிக்காமல் விடுகிற ஒரு விஷயம் வருகிறது. இன்ஜெக்டர் பட்டியலில் போட்டிருக்கும் சிசி அளவு ஒரு குறிப்பிட்ட அழுத்தத்தில் அளந்தது, பெரும்பாலும் 3 பார், அதாவது 43.5 பிஎஸ்ஐ (இரண்டும் அழுத்தத்தின் அலகுகள்). உங்கள் வண்டியின் அழுத்தம் அதுவாக இருக்க வேண்டிய அவசியமில்லை. என் வண்டியில் 39. இதே இன்ஜின் 1997-க்குப் பிறகு வந்த செரோக்கியில் 49. பெட்ரோல் பாயும் அளவு அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்து மாறும் என்பதால், 49 பிஎஸ்ஐ வண்டியில் சரியாக வேலை செய்த இன்ஜெக்டரை அப்படியே கொண்டுவந்து 39-இல் மாட்டினால் சுமார் 11 சதவீதம் குறைவாகப் பாயும். ஒரே கம்பெனி, ஒரே இன்ஜின், பார்த்தால் ஒரே மாதிரி இருக்கிறது என்று மாட்டிவிட்டு, ஏற்றத்தில் வண்டி ஏன் இழுக்கவில்லை என்று பிளக்கையும் சென்சாரையும் மாற்றிக்கொண்டே இருப்பவர்கள் உண்டு. ஆகவே கழற்றுகிற வண்டியின் அழுத்தம் என்ன, நம் வண்டியின் அழுத்தம் என்ன, இரண்டும் தெரியாமல் ஸ்பேனரைக் கையில் எடுக்காதீர்கள்.

அடுத்தது மின்தடை. மல்டிமீட்டரை ஓமில் வைத்து இன்ஜெக்டரின் இரண்டு முனையிலும் தொட்டால் 12 முதல் 16 ஓம் வரை காட்ட வேண்டும், அது உயர்தடை வகை. பெரும்பாலான பழைய மல்டிபாயின்ட் (சிலிண்டருக்கு ஒரு இன்ஜெக்டர்) வண்டிகளின் இசியூ இதற்காகச் செய்யப்பட்டது. 2, 3 ஓம் காட்டினால் அது தாழ்தடை வகை, கையில் எடுத்ததை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடுங்கள். 14 வோல்ட்டில் 14 ஓம் என்றால் ஒரு ஆம்பியர் ஓடும், 2.5 ஓம் என்றால் ஐந்தரை ஆம்பியருக்கு மேல். பழைய இசியூவுக்குள் இருக்கும் டிரான்சிஸ்டர் அதைத் தாங்காது. பழைய இசியூ தேடி அலைவதோடு ஒப்பிட்டால் இன்ஜெக்டர் தேடுவதெல்லாம் ஒன்றுமே இல்லை.

உருவத்தையும் பார்க்க வேண்டும். பாஷ் கம்பெனியின் பழைய தடித்த வகை இவி1, அடுத்து வந்த ஒல்லி வகை இவி6. இரண்டும் ஒரே ரயிலில் (இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் கொண்டுவரும் குழாய்) பெரும்பாலும் உட்காரும், கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங் அளவும் ஒத்துப்போகும். அதற்கும் பிறகு வந்த இவி14-இல் குட்டை, நடுத்தரம், நெட்டை என்று பல உயரம் இருப்பதால் இரண்டு ஓ-ரிங்குக்கும் இடைப்பட்ட தூரத்தை அளந்து பார்க்காமல் எடுக்கக் கூடாது. கனெக்டர் வேறாக இருந்தால் அதையும் ஒரு சாண் வயரோடு வெட்டி எடுத்துக்கொள்ளுங்கள், பிற்பாடு தனியாகத் தேடுவது பெரிய தொல்லை. இன்னொன்று, ஒரு சிலிண்டருக்கு இரண்டு இன்டேக் வால்வு (காற்று உள்ளே வரும் வால்வு) உள்ள இன்ஜினில் வருகிற இன்ஜெக்டர் பெரும்பாலும் இரண்டு பக்கமாகப் பிரித்துத் தெளிக்கும். என் இன்ஜினில் ஒற்றை இன்டேக் வால்வு, அதில் அதைப் போட்டால் பாதிப் பெட்ரோல் சுவரில்தான் போய் ஒட்டும்.

எந்த வண்டியிலிருந்து கழற்றுவது? விபத்தில் அடிபட்டு வந்த வண்டியாகப் பார்ப்பேன், ஏனென்றால் நேற்றுவரை ஓடிக்கொண்டிருந்த இன்ஜின் அது. இன்ஜின் கோளாறால் மூலையில் போடப்பட்டு, டேங்கில் பழைய பெட்ரோல் கெட்டியாகிக் கிடக்கிற வண்டியைத் தொடவே மாட்டேன். ஒரே வண்டியிலிருந்து முழு செட். இரண்டு இங்கே, நான்கு அங்கே என்று பொறுக்கிச் சேர்த்தால் எண் ஒன்றாக இருந்தாலும் தேய்மானம் ஒன்றாக இருக்காது. உடம்பில் அச்சடித்த எண்ணைத் துணியால் துடைத்துப் படியுங்கள், பாஷ் என்றால் 0280 என்று தொடங்கும் பத்து இலக்க எண். அதை வைத்துத்தான் அளவு, தடை, தெளிப்பு எல்லாவற்றையும் சரிபார்க்க முடியும். தனித்தனியாகப் பிடுங்காமல் ரயிலோடு சேர்த்துக் கழற்றுவது நல்லது, கிளிப்பும் தொலையாது.

வீட்டுக்கு வந்ததும் நேராக மாட்டிவிடக் கூடாது. மேல் முனையில் ஒரு சின்னக் கூடை போல வடிகட்டி இருக்கும், அதற்குள் ஒரு சிறிய திருகாணியை இரண்டு சுற்று ஏற்றி இடுக்கியால் இழுத்தால் பொக்கென்று வந்துவிடும். நான் எடுத்த செட்டில் ஒரு வடிகட்டிக்குள் துரு நிறத்தில் மாவு போலப் படிந்திருந்தது, வெளியே பார்த்தால் இன்ஜெக்டர் பளபளவென்றுதான் இருந்தது. பிறகு ஒலி அதிர்வால் அழுக்கை உதிர்க்கும் அல்ட்ராசோனிக் தொட்டி. சும்மா ஊறப்போட்டால் உள்ளே ஒன்றும் நடக்காது, மின்துடிப்பு கொடுத்துத் திறந்து மூடச் செய்துகொண்டே சுத்தம் செய்ய வேண்டும். பேட்டரியை நேரடியாகத் தொடர்ந்து இணைத்து வைத்தால் சுருள் எரிந்துவிடும், ஜாக்கிரதை. அப்புறம் அழுத்தம் ஏற்றி, மூடிய நிலையில் முனையைப் பார்த்துக்கொண்டிருங்கள்: நிமிடத்துக்கு ஒரு சொட்டுக்கு மேல் விழுந்தால் அது ஆகாது. எல்லாவற்றையும் ஒரே நேரம் திறந்துவிட்டு அளவுக் குடுவைகளில் பிடித்துப் பார்த்தால் எது கூட, எது குறைய என்று கண்ணுக்கே தெரியும். சோதனை மேசை வைத்திருக்கும் ஒருவரிடம் கொடுத்துச் செய்வதே உத்தமம். பெட்ரோலை அழுத்தத்தோடு தெளிக்கும் சோதனையை வீட்டில் செய்வது உயிர் விளையாட்டு, அதற்கென்று விற்கும் எளிதில் தீப்பிடிக்காத சோதனைத் திரவம் இருக்கிறது.

மாட்டும் வேலை சுலபம், ஆனால் அவசரம் கூடாது. பியூயல் பம்ப் ரிலேயைப் பிடுங்கிவிட்டு இன்ஜினை ஓடவிட்டால் ரயிலில் உள்ள அழுத்தம் தீர்ந்து தானே நின்றுவிடும். பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள், இன்ஜின் ஆறட்டும், தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். பழையதை இழுப்பதற்கு முன் அடியில் இருக்கும் மண்ணைக் காற்றடித்து ஊதிவிடுங்கள், இல்லாவிட்டால் அது நேராக வால்வுக்குப் போகும். ஓ-ரிங் எல்லாம் புதிது, பெட்ரோலுக்கென்று உள்ள வைட்டான் வகை. அதில் ஒரு சொட்டு இன்ஜின் ஆயில் தடவி நேராக அழுத்தினால் வழுக்கிக்கொண்டு உட்காரும். சாய்த்துத் திணித்தால் ரப்பர் கிழியும், கிழிந்தது வெளியே தெரியாது. முடித்ததும் ரிலேயையும் நெகட்டிவையும் மாட்டி, ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் சில முறை போட்டு எடுத்து அழுத்தம் ஏற்றி, டார்ச் அடித்து ஒவ்வொரு மூட்டையும் பாருங்கள், விரலால் தடவியும் பாருங்கள்.

பலன் என்ன? காலையில் முதல் ஸ்டார்ட் சட்டென்று ஆகிறது, ஐடிலிங்கில் இருந்த அந்த லேசான உதறல் போய்விட்டது. பிக்கப் கொஞ்சம் கூடின மாதிரி தோன்றுகிறது, ஆனால் அந்தத் தோன்றலை நான் நம்புவதில்லை, கைக்காசு போட்ட எவருக்கும் அப்படித்தான் தோன்றும். உண்மையைச் சொன்னால் இந்த முன்னேற்றத்தில் பெரும்பங்கு தேய்ந்த செட் போய் ஒரே அளவில் பாயும் சுத்தமான செட் வந்ததால்தான். இருக்கிற இன்ஜெக்டர்களையே நன்றாகச் சுத்தம் செய்து சோதித்தால் பலருக்கு இதில் பாதிக்கு மேல் கிடைத்துவிடும், அதை முதலில் செய்து பார்த்துவிட்டு மாற்றுவதைப் பற்றி யோசிக்கலாம்.

1996-க்குப் பிந்தைய, ஓபிடி-2 (ஸ்கேனர் செருகி இசியூவைப் படிக்கும் வசதி) உள்ள வண்டி வைத்திருப்பவர்களுக்கு இன்னும் வசதி, ஸ்கேனரில் பியூயல் ட்ரிம், அதாவது இசியூ தானாகப் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் அளவைப் பார்க்கலாம். நீண்டகால ட்ரிம் பிளஸ் மைனஸ் 5 சதவீதத்துக்குள் நின்றால் பொருத்தம் சரி. ஐடிலிங்கில் மட்டும் விலகி, ஓட்டத்தில் சரியாகிறது என்றால் இன்ஜெக்டர் திறக்க எடுக்கும் தாமதம் மாறியிருக்கிறது என்று அர்த்தம். ஐடிலிங்கில் ஒரு துடிப்பே இரண்டு மூன்று மில்லி செகண்டுதான், அதில் ஏறத்தாழ ஒன்று திறப்பதற்கே போய்விடும், ஆகவே 0.2 வித்தியாசம்கூட அங்கே பெரிதாகத் தெரியும். ட்ரிம் சமாளித்துக்கொள்கிறதே என்று விட்டுவிடவும் முடியாது. ஆக்சிலேட்டரை முழுக்க மிதிக்கும்போது பெரும்பாலான பழைய இசியூக்கள் புகையில் மிச்சமிருக்கும் ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்சாரைப் பார்ப்பதே இல்லை, பெட்ரோல் குறைவாகப் போனால் பிஸ்டன் உருகுகிற இடம் அதுதான். என்னுடையது போன்ற அதற்கு முந்தைய வண்டிகளில் பிளக்கைக் கழற்றி நிறம் பார்ப்பதும், ஆக்சிஜன் சென்சார் வயரில் மீட்டர் வைத்துப் பார்ப்பதும்தான் வழி. ஆறு பிளக்கும் ஒரே மாதிரி வெளிர் பழுப்பு. போதும்.

டீசல் காமன் ரயிலுக்கும், சிலிண்டருக்குள் நேரடியாகப் பீய்ச்சும் பெட்ரோல் இன்ஜினுக்கும் இந்தப் பதிவில் சொன்னது எதுவும் பொருந்தாது. அழுத்தம் பல மடங்கு, பல டீசல் இன்ஜெக்டர்களுக்குத் தனித்தனிக் குறியீட்டை இசியூவில் ஏற்ற வேண்டும், பழையது வாங்கிப் போடுகிற விளையாட்டு அங்கே வேண்டாம்.

கழற்றிய பழைய செட்டைச் சுத்தம் செய்து, முனைகளை மூடி வைத்திருக்கிறேன். ஐந்து நன்றாகவே தெளிக்கின்றன, அதே வண்டி வைத்திருக்கும் யாருக்காவது உதவும். மூன்றாவது சிலிண்டருடையது மட்டும் மூடிய பிறகும் சொட்டுகிறது, அதைக் காயலான் கடைக்காரரும் வாங்க மாட்டார்.