வீட்டுக் கேமராப் பதிவுகள் இனி வீட்டிலேயே: இதுவரை செய்து பார்த்தவை

எங்கள் வீட்டில் நான்கு கேமராக்கள்: வாசல், போர்டிகோ, மாடிப்படி, கொல்லைப்புறம். இவற்றின் பதிவுகள் இனி எந்த நிறுவனத்தின் சர்வருக்கும் போகக்கூடாது, நம் வீட்டு ஹார்டு டிஸ்கில்தான் இருக்க வேண்டும் என்று முடிவு செய்து இறங்கிய வேலை இது. மாதச் சந்தா மிச்சமாவது ஒரு காரணம்தான். அதைவிடப் பெரிய காரணம், அம்மா விடிகாலையில் கோலம் போடுவதும் பிள்ளைகள் பள்ளிக்குக் கிளம்புவதும் அந்தக் கேமராக்களில் தினமும் பதிவாகின்றன. 2024 பிப்ரவரியில் வைஸ் என்ற கேமரா நிறுவனத்தின் சேவை முடங்கி மீண்டு வந்தபோது, சுமார் 13,000 பேருக்கு வேறு வீடுகளின் படங்கள் போய்ச் சேர்ந்தன. நிறுவனமே ஒப்புக்கொண்ட விஷயம். எங்கள் வாசல் அப்படி யாரோ ஒருவரின் கைபேசியில் தெரிவதை நினைத்தாலே எனக்குப் பொறுக்கவில்லை.

பெட்டியில் ‘லோக்கல் ஸ்டோரேஜ்’ என்று போட்டிருந்தால் மட்டும் போதாது. வீட்டிலேயே சேமிக்கும் என்று விளம்பரப்படுத்தப்பட்ட யூஃபி கேமராக்கள், கைபேசி அறிவிப்புக்கான சிறு படங்களை கிளவுடுக்கு அனுப்புவதை 2022 நவம்பரில் ஒரு பாதுகாப்பு ஆய்வாளர் வெளியே கொண்டுவந்தார். அதனால் நான் வைத்துக்கொண்ட சோதனை ஒன்றே ஒன்று: ஃபைபர் ஒயரைக் கழற்றிவிட வேண்டும். அப்புறமும் பதிவு ஓட வேண்டும், டிவியில் வாசல் தெரிய வேண்டும், நேற்றைய பதிவைத் தேடி எடுக்க முடிய வேண்டும். முன்பெல்லாம் நெட் போனால் அப்பா கேட்பார்: “ஏம்ப்பா, நெட் இல்லேன்னா நம்ம வாசல்ல யாரு நிக்கிறாங்கன்னு நமக்கே தெரியாதா?” நியாயமான கேள்வி.

முதலில் கணக்கு. ஒரு கேமரா 4 எம்பிபிஎஸ் (விநாடிக்கு 4 மெகாபிட்) வேகத்தில் இடைவிடாமல் பதிந்தால் ஒரு நாளைக்கு 43.2 ஜிபி. நான்கு கேமராவுக்கு மாதம் 5,184 ஜிபி. பல ஃபைபர் திட்டங்களில் மாத வரம்பே 3,300 ஜிபிதான். அதாவது 24 மணி நேரப் பதிவை முழுசாக கிளவுடுக்கு அனுப்புவது நம் ஊர் இணைப்புக்குக் கட்டுப்படியாகாது. வீட்டு டிஸ்க்குக்கு அந்தக் கவலை இல்லை. வீடியோவை இன்னும் அதிகமாகச் சுருக்கும் ஹெச்.265 முறைக்கு மாற்றி 2 எம்பிபிஎஸ் ஆக்கியதும் அளவு பாதியாகிவிட்டது. நான்குக்கும் சேர்த்து நாளொன்றுக்கு 86.4 ஜிபி. 4 டிபி டிஸ்கில் நாற்பது நாளுக்கு மேல் தாங்கும். முழுப் பதிவை 30 நாளும், ஆள் நடமாட்டம் தெரிந்த பகுதிகளை 90 நாளும் வைத்திருக்கும்படி பதிவு மென்பொருளுக்குச் சொல்லியிருக்கிறேன்.

டிஸ்க் வாங்கும்போது சாதாரண கம்ப்யூட்டர் டிஸ்க் வேண்டாம் என்பது என் கருத்து. டபிள்யூடி பர்ப்பிள், சீகேட் ஸ்கைஹாக் போன்றவை இரவு பகலாக எழுதிக்கொண்டே இருப்பதற்கென்றே வருகின்றன. வருடத்துக்கு 180 டிபி வரை வேலை தாங்கும் என்கிறார்கள். நமக்கு 32 டிபிகூட ஆகாது.

கம்ப்யூட்டர், சென்னை ரிச்சி தெருவில் வாங்கிய பழைய ஆபீஸ் டெஸ்க்டாப். இன்டெல் எட்டாம் தலைமுறை ஐ5. தனி கிராஃபிக்ஸ் கார்டு தேவைப்படவில்லை. சுருக்கி வரும் வீடியோவை விரிப்பதையும் ஆளை அடையாளம் காண்பதையும் அதன் உள் கிராஃபிக்ஸே பார்த்துக்கொள்கிறது. டெபியன் லினக்ஸ், அதன் மேல் மென்பொருள்களைத் தனித்தனிப் பெட்டிபோல் ஓட்டும் டாக்கர், அதில் பதிவையும் ஆளை அடையாளம் காண்பதையும் கவனிக்கும் ஃப்ரிகேட் மென்பொருள். ஃப்ரிகேட் இலவசம், மூல நிரலும் திறந்தே இருக்கிறது. டிஸ்கில் ஒரு மணி நேரத்துக்கும் குறைவான இடம் மிஞ்சினால் பழைய இரண்டு மணி நேரத்தைத் தானே அழித்துக்கொள்ளும்.

கேமராக்களில் மூன்று, ஆர்டிஎஸ்பி ஸ்ட்ரீம் (மற்ற மென்பொருள்களும் எடுத்துக்கொள்ளக்கூடிய பொதுவான நேரலை) தரும் வகை. பழைய வைஃபை கேமரா ஒன்று தன் ஆப்பைத் தவிர வேறு எதற்கும் படம் தராது, அதை மாற்றத்தான் வேண்டியிருந்தது. ஒவ்வொரு கேமராவிலும் இரண்டு ஸ்ட்ரீம் எடுக்கிறேன். பெரியது அப்படியே டிஸ்குக்குப் போகும். சிறியது 640க்கு 360 அளவில், விநாடிக்கு 5 ஃபிரேம், ஆளைக் கண்டுபிடிக்க மட்டும். கேமரா மெனுவில் ‘ஹெச்.265 பிளஸ்’, ‘ஸ்மார்ட் கோடெக்’ என்று ஏதாவது இருந்தால் அணைத்துவிடுங்கள். இடம் மிச்சமாகும், ஆனால் கீஃபிரேம் (முழுப் படமாக வரும் ஃபிரேம்) இடைவெளி நிலையாக இருக்காது, பதிவுத் துண்டுகள் சரியாக வெட்டுப்படாது.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி நெட்வொர்க்தான். கம்ப்யூட்டரில் இன்னொரு லேன் கார்டு போட்டு, கேமராக்களுக்கு ஒரே ஒயரில் கரண்டும் டேட்டாவும் கொடுக்கும் பிஓஇ சுவிட்சை அதில் மட்டும் இணைத்தேன். அந்தப் பக்கத்திலிருந்து இணையத்துக்கு வழியே கிடையாது. நெட்வொர்க்கில் என்ன போகிறது என்று காட்டும் டிசிபிடம்ப் ஓட்டிப் பார்த்தால், கேமராக்கள் தயாரிப்பாளரின் சர்வர் பெயரை விடாமல் கேட்டுக்கொண்டே இருப்பது தெரிகிறது. பதில் கிடைக்காது. படம் மட்டும் ஒழுங்காக வருகிறது.

இதில் ஒரு சிக்கல் நேரம். இணையம் இல்லாத கேமராவின் கடிகாரம் மெல்ல மெல்ல விலகும். வாசல் கேமரா 6:10 என்றும் போர்டிகோ கேமரா 6:13 என்றும் காட்டினால், ஒரே ஆள் நடந்து போனதைக் கோத்துப் பார்க்கவே முடியாது. கம்ப்யூட்டரிலேயே குரோனி என்ற, நேரம் சொல்லும் மென்பொருளைப் போட்டு, நான்கு கேமராவும் அதனிடமே நேரம் கேட்கும்படி வைத்துவிட்டேன். இன்னொன்று, ஃப்ரிகேட் டிஸ்கில் போடும் ஃபோல்டர்கள் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் இருக்கும். திரையில் நம் நேரம்தான் தெரியும், ஆனால் டிஸ்கிலிருந்து நேரடியாக எடுத்தால் காலை 6 மணிப் பதிவு 00 ஃபோல்டரில் கிடக்கும். ஐந்தரை மணி நேரத்தைக் கழித்துத் தேட வேண்டும்.

ஆளை அடையாளம் காண்பது பகலில் அருமை. தெருவில் போகிற மாட்டையும் நாயையும்கூடத் தனித்தனியாகச் சொல்கிறது. அரை இருட்டில் குனிந்து கோலம் போடும் அம்மாவைச் சில சமயம் நாய் என்றது. வாசலில் ஒரு விளக்கைக் கூட்டியதும் பெரும்பாலும் சரியாகிவிட்டது. கொல்லையில் முருங்கைக் கிளை ஆடும் பகுதியை ஃப்ரிகேட்டில் மாஸ்க் போட்டு மறைத்தேன். இன்ஃப்ராரெட் வெளிச்சத்துக்குப் பூச்சி வருகிறது, பூச்சிக்காகச் சிலந்தி வருகிறது; லென்ஸ் முன்னால் வலையைத் துடைக்க அவ்வப்போது ஏணி எடுக்க வேண்டும்.

கரண்ட் போனால்? இன்வெர்ட்டரை யுபிஎஸ் மோடில் வைத்தால் மாறும் நேரம் குறைகிறது, கம்ப்யூட்டர் அணைவதில்லை. பேட்டரியும் தீர்ந்தால், கரண்ட் வந்ததும் தானே ஆன் ஆகும்படி பயாஸில் (கம்ப்யூட்டரின் அடிப்படை அமைப்பில்) அமைத்தேன்.

திருட்டு நடந்த வீடுகளில் பதிவு செய்யும் பெட்டியையும் சேர்த்தே தூக்கிப் போகிறார்கள் என்று அடிக்கடி செய்தியில் படிக்கிறோம். அதனால் கம்ப்யூட்டர் இப்போது பரணில். ஒயரிங் செய்தவர் ஏறிப் பார்த்துவிட்டு, “சார், உள்ளுக்குத் தள்ளாதீங்க, வெயில் காலத்துல வெந்துரும். வெண்டிலேட்டர் ஓரமா வைங்க” என்றார். அங்கேதான் வைத்திருக்கிறோம். கேமராக்களுக்குள்ளும் 128 ஜிபி மெமரி கார்டு போட்டாயிற்று, பெட்டியே போனாலும் கிட்டத்தட்ட ஆறு நாள் பதிவு கார்டில் இருக்கும்.

வெளியூரிலிருந்து பார்க்க போர்ட் ஃபார்வர்டிங் (ரவுட்டரில் வெளியிலிருந்து நேராக உள்ளே வர வழி திறப்பது) செய்யவில்லை. 2016இல் மிராய் என்ற தீநிரல் பரவியதே, மாற்றப்படாத பாஸ்வேர்டோடு இணையத்தில் திறந்துகிடந்த கேமராக்கள், டிவிஆர்கள் வழியாகத்தான். தவிர, எங்கள் இணைப்பில் தனி பப்ளிக் ஐபியும் (இணையத்திலிருந்து நேரே அணுகும் முகவரி) கிடையாது. நம் கருவிகளை மட்டும் என்கிரிப்ட் செய்த வழியில் இணைக்கும் டெயில்ஸ்கேல் போட்டதும் கைபேசியில் வாசல் தெரிந்தது. இணைத்து வைக்க அவர்களுடைய சர்வர் தேவை, ஆனால் என்கிரிப்ஷன் சாவிகள் நம் கருவிகளிலேயே இருப்பதால் படத்தை அவர்களால் பார்க்க முடியாது.

போலீசுக்கோ கோர்ட்டுக்கோ கொடுக்க வேண்டி வந்தால் என்ன என்பதையும் இப்போதே யோசித்தேன். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் 63ஆம் பிரிவுப்படி, மின்னணுப் பதிவோடு தரும் சான்றிதழில் கோப்பின் ஹாஷ் மதிப்பையும் (கோப்பு கொஞ்சம் மாறினாலும் மாறிவிடும் அடையாள எண்) குறிப்பிட வேண்டும். எனவே எக்ஸ்போர்ட் செய்த கையோடு எஸ்ஹெச்ஏ256 ஹாஷ் எடுத்து, தேதியோடு ஒரு கோப்பில் எழுதி வைக்கிறேன். பதிவை வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் அது சுருக்கி அனுப்பும், ஹாஷ் மாறிவிடும். பென் டிரைவில் கொடுப்பதே சரி.

ஃபைபர் ஒயரைக் கழற்றிப் பார்த்தாயிற்று. பதிவு, டிவி, தேடல் மூன்றும் ஓடின, கைபேசி அறிவிப்பு மட்டும் நின்றது. இப்போது கையில் இருக்கும் வேலை, ஆள் தெரிந்த பகுதிகளை மட்டும் ஃப்ரிகேட்டிலிருந்து எக்ஸ்போர்ட் செய்து தங்கை வீட்டில் என்கிரிப்ட் செய்த ஒரு டிஸ்குக்கு அனுப்பும் ஸ்கிரிப்ட். அனுப்புவது வேலை செய்கிறது. நடுவில் இணைப்பு அறுந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும் பகுதி இன்னும் எழுதவில்லை.