பாய்ப்படகில் வந்த துவக்கு

எங்கள் வீட்டில் ‘துவக்கு’, அதாவது துப்பாக்கி, என்ற சொல்லை யாரும் சும்மா பேச்சுக்குக்கூட எடுப்பதில்லை. மீன்பிடிக்கக் கடலுக்குப் போவதற்கே பாஸ் காட்டவேண்டியிருந்த யுத்த காலத்தில் வள்ளம் ஓட்டியவர் அப்பா. போன வருடம் மாசி மாதம், லங்காவியிலிருந்து வரும் ஓர் அமெரிக்கத் தம்பதியின் யாட்டில் துவக்கு ஒன்று இருக்கிறதாம் என்று ஏஜென்ட் அண்ணை ஃபோனில் சொன்னார். அம்மாவின் காதில் விழாமல் முற்றத்துக்குப் போய்த்தான் மிச்சத்தைக் கேட்டேன்.

திருகோணமலையில் கப்பல் ஏஜென்ட் ஒருவரிடம் வேலை செய்கிறேன். வெளிநாட்டுப் பாய்ப்படகுகள் வந்தால் காகித வேலை, டீசல், தண்ணீர், சந்தைக்குக் கூட்டிப்போவது எல்லாம் என் தலையில். வடகிழக்குக் காற்றைப் பிடித்துக்கொண்டு தாய்லாந்து, மலேசியாப் பக்கமிருந்து ஜனவரிக்கும் மார்ச்சுக்கும் இடையில் வருவார்கள். கொஞ்ச நாள் உட்துறைமுகத்தில் நங்கூரம் போட்டுக் கிடந்துவிட்டு மாலைதீவுப் பக்கம் போய்விடுவார்கள். தூண்டில், கத்தி, விஸ்கி இதெல்லாம் பழக்கம். துவக்கு எனக்கு அதுதான் முதல் தடவை.

வருவதற்கு முன்பே கப்டன் எங்களுக்கு எழுதிச் சொன்னதுதான் இந்தக் கதையிலேயே பெரிய நன்மை. மொஸ்பர்க் 500 மரைனர், குழல் அளவு 12 போர், தோட்டா 25. உப்புக்காற்றுக்குத் துருப்பிடிக்காத பூச்சுள்ள ரகம், படகுக்காரர்கள் விரும்பி வாங்குவது. கூடவே அமெரிக்கச் சுங்கத்தின் 4457 என்ற படிவத்தையும் ஸ்கேன் செய்து அனுப்பியிருந்தார். அதைத் துவக்கு வைத்திருப்பதற்கான அனுமதி என்றே மனிதர் நம்பியிருந்தார். ஆனால் அது இந்தப் பொருள் அமெரிக்காவிலிருந்து வெளியே போனதுதான் என்று திரும்பிவரும்போது அவர்களுடைய சுங்கத்துக்கே காட்டும் சான்று. வேறெந்த நாட்டிலும் அது ஒரு லைசென்ஸ் ஆகாது.

அண்ணை எனக்கு இப்படி விளங்கப்படுத்தினார். நடுக்கடலில் படகு எந்தக் கொடியைப் பறக்கவிடுகிறதோ அந்த நாட்டுச் சட்டம். கரையிலிருந்து 12 கடல் மைலுக்குள் வந்தாலும் பேசாமல் கடந்து போகிறவரை பெரிதாகக் கைவைக்கமாட்டார்கள். துறைமுகத்துக்குள் வந்துவிட்டால் அப்புறம் இந்த நாட்டுச் சட்டம்தான். இங்கே சுடுகலன் சட்டம் 1916ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது, லைசென்ஸை வருடா வருடம் புதுப்பிக்கவேண்டும். 1996இல் செய்த திருத்தத்தோடு ஆயுள் தண்டனைவரை போகக்கூடிய குற்றங்களும் அதற்குள் வந்தன. இரண்டு கிழமை நிற்க வந்தவர் இங்கே லைசென்ஸ் எடுக்கப்போவதில்லை. ஆகவே எங்களுக்கு இருந்தது ஒரே வழி: வந்த உடனே சொல்லி ஒப்படைத்துப் பற்றுச்சீட்டு வாங்குவது, போகும்போது திருப்பி எடுப்பது.

படகு வந்த அன்று காலை நல்ல வெயில். ரேடியோவில் சேனல் 16இல் கூப்பிட்டுப் பேசி, இன்னும் அனுமதி எடுக்கவில்லை என்று காட்டும் மஞ்சள் கொடியோடு உள்ளே வந்தார்கள். சுகாதாரம், குடிவரவு, சுங்கம், நேவி எல்லோரும் ஏற, அந்தச் சின்னக் கேபினுக்குள் ஒன்பது பேர். கப்டனின் மனைவி தேசிக்காய்த் தண்ணீர் கரைத்துக் கொடுத்தார். நேவிப் பொடியன்கள் வெட்கப்பட்டுக்கொண்டு குடித்தார்கள்.

“ஆயுதம் ஏதும்?” என்று கேட்டதும் கப்டன் உற்சாகமாக எழுந்து கட்டிலைத் தூக்கப் போனார். நான் அவருடைய தோளைப் பிடித்து உட்காரவைத்தேன். இடத்தைச் சொன்னால் போதும், அவர்களே எடுக்கட்டும். சீருடை போட்ட ஐந்தாறு பேர் நிற்கிற அறையில் ஒருவர் திடீரென்று துவக்கோடு திரும்புவதைப் பார்க்க நான் விரும்பவில்லை. அவருக்கு அது ஒரு சாமான். எங்கள் ஊரில் அது வேறு.

பெட்டி பூட்டியிருந்தது. தோட்டாக்கள் வேறு லொக்கரில். அதில் எல்லோருக்கும் திருப்தி. சுங்க அதிகாரி துவக்கைக் கையில் எடுத்து, முன்பிடியை ஒருதரம் பின்னால் இழுத்து வெறுமையாக இருக்கிறதா என்று பார்த்தார். ‘சரக், சரக்’ என்று சத்தம். பிறகு மெதுவாக ஒரு சொல் சொன்னார்: “ரிப்பீட்டர்.”

கேபினே அமைதியாகிவிட்டது. பன்றி விரட்டக் கமக்காரர் வைத்திருக்கும் ஒற்றைக்குழல் என்றால் ஒரு பார்வை. ரிப்பீட்டர் என்பது ஒருதரம் நிரப்பிவிட்டு முன்பிடியை இழுத்திழுத்துப் பல தரம் சுடக்கூடியது, எங்கள் பத்திரிகைகளில் கொள்ளைச் செய்திகளில் வரும் பெயர். சிங்களத்தில் நான்தான் பேசினேன். “சேர், ஒளிக்கேல்ல, வர முதலே அறிவிச்சிருக்கிறம்” என்று ஈமெயிலின் பிரதியை நீட்டினேன். அதிலிருந்த திகதியைப் பார்த்ததும் அவருடைய முகம் கொஞ்சம் இளகியது.

அதோடு முடிந்திருக்கும். ஆனால் என் பிழை ஒன்று காத்துக்கொண்டிருந்தது. பட்டியலில் நான் தட்டச்சு செய்திருந்த இலக்கத்தையும் துவக்கில் பொறித்திருந்த இலக்கத்தையும் அதிகாரி ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிட்டார். இரும்பில் பூச்சியம். என் காகிதத்தில் ஆங்கில எழுத்து ‘ஓ’. கப்டனின் ஸ்கேன் மங்கலாக இருந்தது, நான் ஊகித்து அடித்திருக்கிறேன். ஓர் எழுத்துத்தானே என்று உங்களுக்குத் தோன்றலாம். காகிதத்தில் இருக்கும் துவக்கு ஒன்று, கையில் இருக்கும் துவக்கு இன்னொன்று என்றுதான் அதற்கு அர்த்தம். அப்படியானால் அறிவிக்காத துவக்கு ஒன்று படகில் இருக்கிறது! அலுவலகத்துக்குப் போய்ப் புதுப் பட்டியல் அடித்து, கப்டனிடம் மறுபடி கையெழுத்து வாங்கிவர ஒன்றரை மணித்தியாலம் போயிற்று.

நான் திரும்பி வந்தபோது தோட்டாக் கணக்கும் பிசகியிருந்தது. 25 என்று எழுதியிருக்க, மேசையில் 33. கப்டன் தலையில் கைவைத்துக்கொண்டிருந்தார். கிட்டப்போய்ப் பார்த்தேன். 25 தோட்டா ஒரு பக்கம். மற்ற எட்டும் கிட்டத்தட்ட அதே பருமன், அடியில் அதே பித்தளை. ஆனால் அவை துவக்குத் தோட்டாக்கள் அல்ல. ஆபத்து நேரத்தில் வானத்தில் சிவப்பு வெளிச்சம் அடிக்கிற ஃப்ளேர் குண்டுகள். அதற்குரிய செம்மஞ்சள் பிளாஸ்டிக் பிஸ்டலும் 12 போர்தான். நேவிப் பொடியன் ஒருவன் லொக்கரைத் துழாவியபோது குண்டுகளை மட்டும் அள்ளிக்கொண்டு வந்திருக்கிறான். பிஸ்டல் அங்கேயே கிடந்தது.

அமெரிக்காவில் மத்திய சட்டப்படி இந்த ஃப்ளேர் பிஸ்டல் சுடுகலன் கணக்கில் வராது, படகில் வைத்திருக்கும் பாதுகாப்புச் சாமான். பிரித்தானியாவில் அதற்கே 1968ஆம் ஆண்டுச் சட்டப்படி சான்றிதழ் வேண்டும். கப்டனுக்கு முதலாவது மட்டும் தெரியும், அதனால் அதை அறிவிக்கவேண்டும் என்று அவர் நினைக்கவேயில்லை. நான் ஒரு குண்டை எடுத்து, பக்கத்தில் அச்சடித்திருந்த காலாவதித் திகதியை அதிகாரிக்குக் காட்டினேன். அவர்கள் நாட்டில் தயாரித்த நாளிலிருந்து 42 மாதம்தான் அதற்கு ஆயுள். “சேர், வேட்டைத் தோட்டாவுக்கு இப்படித் திகதி போடுறேல்லையே.” அவர் சிரிக்கவில்லை, ஆனால் பேனையை எடுத்தார். பிஸ்டலையும் எட்டுக் குண்டையும் பாதுகாப்புச் சாமான் என்று தனி வரியில் எழுதி, படகிலேயே விட்டார். மொஸ்பர்க்கும் 25 தோட்டாவும் சீல் வைத்த பைகளில் கரைக்குப் போயின. பற்றுச்சீட்டை நான் மூன்று பிரதி எடுத்தேன். ஒன்று இப்போதும் என் கோவையில் இருக்கிறது.

பிறகு இரண்டு கிழமை அவர்கள் சுகமாக இருந்தார்கள். கோணேசர் கோயிலுக்குப் போனார்கள், நிலாவெளியில் டிக்கெட் எடுத்துப் புறாமலைக்குப் போய்ப் பவளப்பாறை பார்த்தார்கள். ஒருநாள் கப்டன் வந்து, இங்கிருந்து காலித் துறைமுகத்துக்கு ஓடி, அங்கேயிருந்து மாலைதீவுக்கு வெளிக்கிடப் போவதாகச் சொன்னார். நானும் சரி என்று தலையாட்டிவிட்டுத்தான் துவக்கை நினைத்தேன். அது திருகோணமலையில் பூட்டிக் கிடக்கிறது. நாட்டை விட்டுப் போகும்போதுதான் கையில் தருவார்கள், காலிக்குப் போகிற படகில் ஏற்றமாட்டார்கள். அண்ணை இரண்டு நாள் விசாரித்துப் பார்த்தார். கடைசியில் கப்டனே, இங்கிருந்தே நேராக மாலைதீவுக்குப் போகிறேன் என்று முடிவெடுத்தார். காலிக் கோட்டையைப் பார்க்கவேண்டும் என்று ஆசையாக இருந்த அவருடைய மனைவி அன்றிலிருந்து அந்தத் துவக்கைப் பற்றிப் பேசும்போதெல்லாம் உதட்டைப் பிதுக்குவார். எனக்கு அவர் பக்கம்தான் நியாயம் தெரிந்தது. இத்தனை வருடத்தில் அதை எத்தனை தரம் சுட்டிருக்கிறீர்கள் என்று கேட்டேன். “இரண்டு தரம், வெறும் பிளாஸ்டிக் கானுக்கு” என்றார் கப்டன்.

வெளிக்கிடும் நாளைக் காற்றைப் பார்த்துக் குறித்திருந்தார். கலண்டரைத் திருப்பினால் அது போயா, பௌர்ணமி விடுமுறை. அம்மா மாசிமகம் என்று விரதத்துக்கு ஆயத்தம் செய்துகொண்டிருந்தபோதாவது எனக்கு உறைத்திருக்கவேண்டும். போயாவன்று அலுவலகம் பூட்டு, களஞ்சியச் சாவி வைத்திருப்பவரும் ஊருக்குப் போய்விடுவார். மாலைதீவிலும் இதே மாதிரி முதலிலிருந்து அறிவிக்கவேண்டும், ஆகவே எங்கள் வெளியேற்றக் காகிதத்திலும் துவக்கின் விபரம் சரியாக இருக்கவேண்டும். பயணத்தை ஒருநாள் தள்ளிப்போட்டோம்.

மறுநாள் காலை எட்டரைக்கு ஜெட்டியில் சீலை வெட்டினார்கள். அதே அதிகாரி. தோட்டாக்களைத் தரையில் ஐந்து ஐந்தாக அடுக்கி எண்ணினார், கப்டன் எண்ணினார், பிறகு நானும் எண்ணினேன். 25. இலக்கத்தைப் பார்க்கக் குனிந்தவர் பாதியில் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். “மல்லி (தம்பி), இது பூச்சியமா, ஓவா?”

“பூச்சியம், சேர்.”

கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பத்து மணிக்குள் நங்கூரத்தைத் தூக்கிவிட்டார்கள். ஏஜென்ட் அண்ணை இப்போதும் எந்தக் காகிதத்தைத் தந்தாலும், “ஓவைப் பார்த்து அடி” என்று சொல்லித்தான் தருகிறார்.